பாட்டி பாடினாள், பேத்தி எழுதினாள்

வாழ்ந்த ஆண்டுகளை எண்ணி மனிதரை அளப்பது உலக வழக்கம். பத்தொன்பதே ஆண்டுகள் வாழ்ந்து, ஒரே ஒரு நூல் எழுதி, அதையும் அச்சில் காணாமலே கண்மூடிய ஒரு பெண்ணை இவ்வளவுகோலால் அளக்க முடியுமா? அவர்தாம் ஐனு இனத்து நங்கை சிரி யூக்கியே.

ஜப்பானின் வடகோடியில் உள்ள பெருந்தீவு ஹொக்கைடோ. அம்மண்ணின் தொல்குடிகள் ஐனு மக்கள். மீன்பிடித்தலும் வேட்டையும் அவர்கள் தொழில். கரடியும் ஆந்தையும் நெருப்பும் அவர்கள் தெய்வங்கள். அவர்களுடைய மொழிக்கு எழுத்து இல்லை. வரலாறும் வழிபாடும் அறமும் பாட்டாகவே வாழ்ந்தன. வீட்டின் நடுவே எரியும் கணப்பைச் சுற்றி அமர்ந்து, முதியோர் பாட இளையோர் கேட்பர். யூகார் எனப்படும் அக்கதைப் பாடல்களுள் தெய்வப் பாடல்கள் ஒருவகை. ஆந்தையோ நரியோ தவளையோ தன் கதையைத் தானே பாடுவதாக அவை அமையும். ஒவ்வொரு பாட்டுக்கும் அதற்கே உரிய பல்லவி ஒன்று உண்டு. அது திரும்பத் திரும்ப ஒலித்துப் பாட்டை நடத்திச் செல்லும்.

இந்த வாழ்வில் இடி விழுந்தது. 1869-இல் ஜப்பானிய அரசு அத்தீவுக்கு ஹொக்கைடோ எனப் பெயரிட்டுக் குடியேற்றத்தைத் தொடங்கியது. காடுகள் வயல்களாயின. ஆற்றில் சால்மன் மீன் பிடிப்பதும் குற்றமாயிற்று. 1899-இல் பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு சட்டம் வந்தது. அது ஐனு மக்களை உழவர்களாக்க முயன்றது. பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்தது. ஆனால் பள்ளியில் தாய்மொழிக்கு இடமில்லை.

அத்தகைய காலத்தில், 1903 ஜூன் 8-ஆம் நாள் நொபோரிபெத்சு என்னும் ஊரில் யூக்கியே பிறந்தார். ஆறு வயதளவில் அசாஹிகாவாவில் வாழ்ந்த பெரியம்மா இமேகானுவின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பெரியம்மா கால் ஊனமுற்றவர்; ஊன்றுகோலின் துணையால் நடப்பவர்; கிறித்தவ ஊழியர். தாயைப் பெற்ற பாட்டி மொனாஷினோவுக்கும் அங்கேயே இருந்தார். அவர் யூகார் பாடுவதில் பெரும்புலமை பெற்றவர். பகலில் பள்ளியில் ஜப்பானிய மொழி, இரவில் பாட்டியின் மடியில் ஐனுப் பாட்டு. இவ்விரண்டுக்கும் இடையே யூக்கியே வளர்ந்தார்.

படிப்பில் அவர் சுடர்விட்டார். எனினும் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பின்னர்த் தொழிற்பள்ளி நுழைவுத் தேர்வில் 110 பேருள் நான்காமவராகத் தேறினார். அங்கும் ஐனுப் பெண் என்ற இழிசொல் அவரைத் தொடர்ந்தது.

1918-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஐனு மொழியை ஆராய்ந்து வந்த மொழியறிஞர் கிந்தாய்ச்சி கியோசுகே அவ்வீட்டுக்கு வந்து ஓரிரவு தங்கினார். பொருளும் காலமும் செலவிட்டுத் தேடும் அளவுக்கு எங்கள் பாட்டில் மதிப்பு உண்டா என்று பதினைந்து வயது யூக்கியே அவரிடம் கேட்டார். அவை உலகம் போற்றத்தக்க இலக்கியம் என்று அறிஞர் விளக்கினார். தாழ்ந்தவை என்றே கேட்டுப் பழகிய செவிக்கு அது புதிய செய்தி. கண்கள் கலங்கின. என் வாழ்வு இனி இப்பாடல்களுக்கே என்று அன்று அவர் உறுதி பூண்டார்.

அறிஞர் அனுப்பிய வெற்றுக் குறிப்பேடுகளில் எழுத்து நிரம்பத் தொடங்கியது. ஐனு ஒலிகளை ரோமன் எழுத்தில் பதித்தார். எதிர்ப்பக்கத்தில் ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். ஐனு மொழியை மறக்கச் செய்த பள்ளி தந்த மொழியையே, அதனைக் காக்கும் கருவியாக்கிக் கொண்டார்!

1922 மே மாதம் அவர் டோக்கியோ சென்று கிந்தாய்ச்சியின் இல்லத்தில் தங்கினார். எழுத்து வெளியானால் ஐனுப் பெண் என்பது ஊரறியுமே என்று ஒருவர் கவலைப்பட்டார். யூக்கியேவோ தம் பிறப்பை மறைக்க விரும்பவில்லை; அதனைப் பெருமையாகவே கருதினார். ஆனால் இதயநோய் முற்றியிருந்தது. திருமணம் கூடாது என்று மருத்துவர் தடுத்தார். காதலித்தவரை மணக்கும் கனவு கலைந்தது. கையிலிருந்த பணி நிற்கவில்லை. 1922 செப்டம்பர் 18-ஆம் நாள் கைப்படியின் திருத்தங்களை முடித்தார். அன்று மாலையே இதயம் நின்றது.

பதின்மூன்று தெய்வப் பாடல்கள் கொண்ட அந்நூல் 1923 ஆகஸ்டில் வெளிவந்தது. அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை. தம்பி சிரி மாஷிஹோ ஐனு மொழியியலில் பேரறிஞராகிப் பேராசிரியரானார். பெரியம்மா இமேகானு நூற்றுக்கும் மேற்பட்ட குறிப்பேடுகளில் யூகார்களை எழுதிவைத்தார். 1899-ஆம் ஆண்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது. ஐனு மக்களைத் தொல்குடிகள் என்று கூறும் சட்டம் 2019-இல் நிறைவேறியது. ஆயினும் அம்மொழி அழிவின் விளிம்பில் இருப்பதாக யுனெஸ்கோ 2009-இல் எச்சரித்தது. அதை மீட்டுக் கற்க முயல்வோருக்கு யூக்கியேவின் சிறுநூல் இன்றும் துணை நிற்கிறது.

நண்பர்களே! நம்முள் பலர் நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். கையெழுத்திடத் தெரியாத பாட்டியின் பாட்டு நம் காதிலும் விழுந்ததுதான். படித்தவர் என்ற பெயர் வந்ததும் அதைக் கேட்கக் கூசுகிறோம். யூக்கியே கூசவில்லை. பாட்டி பாடினாள், பேத்தி எழுதினாள். அதனால் ஓர் இனத்தின் குரல் பிழைத்தது. நம் வீட்டுப் பாட்டிமார் இன்னும் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் கையிலும் பேனா இருக்கிறது.