உடையவர் கண்ட ஜீவ ஸ்வரூபம்

1017-ஆம் ஆண்டு, பிங்கள வருஷம் சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீபெரும்பூதூரில் திருவவதரித்த இளையாழ்வார், வேதாந்தம் கற்கச் சென்ற இடம் யாதவப்ரகாசரின் பாடசாலை. ஆசிரியர் மகா பண்டிதர், அதை மறுப்பாரில்லை. ஆயினும் மனிதன் யார் என்னும் வினாவிலேயே இருவருக்கும் வழி பிரிந்தது.

உடலே ஆத்மா என்பர் சாருவாகர். க்ஷணந்தோறும் மாறும் அறிவின் ஓட்டமே என்பர் பௌத்தர். ஜீவன் பிரம்மமே, பேதம் அவித்யையால் தோன்றுவது என்பர் அத்வைதிகள். பிரம்மமே ஜீவனாயிற்று என்றார் யாதவப்ரகாசர். அங்ஙனமாயின் ஜீவனுடைய துக்கமும் தோஷமும் பிரம்மத்தையே சேருமன்றோ என்பது ஸ்வாமியின் ஆக்ஷேபம். ஜீவன் ஞானமே வடிவானவன், அறிபவனும் ஆவான். எம்பெருமானுக்குச் சரீரமாய், அவனுக்கே சேஷனாய் இருப்பவன் என்று ஸ்ரீபாஷ்யத்தில் நிலைநாட்டியருளினார். பிறப்பின் உயர்வு தாழ்வு உடலோடு நின்றுவிடும். ஆத்மாவை அது தீண்டாது.

ஏட்டில் எழுதுவது எளிது. உறையூர் மல்லராகிய வில்லிதாசர், திருவரங்க உத்ஸவத்தில் பெருமாளைப் பாராது, மனைவி பொன்னாச்சியாரின் கண்களில் வெயில் படாதபடி குடை பிடித்து வந்தார். ஊரார் நகைத்தனர். ஸ்வாமியோ அவரது ஆசையைப் பழிக்கவில்லை. அதனினும் அழகிய கண்களைக் காட்டுவதாக அழைத்துச் சென்று, அரங்கனைச் சேவிக்கச் செய்தார். அன்றுமுதல் தம்பதியர் ஸ்வாமியின் அடியாராயினர்.

பிற்காலத்தில் ஸ்வாமி காவிரிக்கு எழுந்தருளும்போது முதலியாண்டானையும், நீராடி மீள்கையில் வில்லிதாசரையும் கைப்பற்றி வருவார். நீராடியபின் இவரைத் தீண்டலாமோ என்று சீடர் சிலர் வருந்தினர். குலம், கல்வி, செல்வம் பற்றிய செருக்கு ஏதுமற்றவர் என்பதாலேயே அவர் கையைப் பற்றுவதாக ஸ்வாமி அருளினார்.