ஜார்ஜ் பூல்

இங்கிலாந்து நாட்டின் லிங்கன் நகரில் ஜான் பூல் என்பவர் செருப்புத் தைத்துப் பிழைத்து வந்தார். தொழிலில் அவருக்கு நாட்டம் குறைவு. தொலைநோக்கி செய்வதிலும் கணக்குப் போடுவதிலுமே பொழுது போயிற்று. கடை நொடித்தது. அவருடைய மூத்த மகனே 1815 நவம்பர் 2-ஆம் நாள் பிறந்த ஜார்ஜ் பூல்.

கல்லூரியில் படிக்க ஜார்ஜுக்கு வசதியில்லை. லத்தீன் மொழியை ஒரு புத்தகக் கடைக்காரரிடம் கற்றார். கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவற்றைத் தாமே படித்துக் கொண்டார். பதினான்கு வயதில் அவர் மொழிபெயர்த்த கிரேக்கக் கவிதை ஊர்ப் பத்திரிகையில் வந்தபோது, இது சிறுவன் செய்த வேலையே அன்று என்று ஓர் ஆசிரியர் வாதிட்டாராம். அப்போது அவர் நம்மைவிட ஒரு வயது இளையவர்! பதினாறு வயதில் துணை ஆசிரியராகிக் குடும்பத்தைத் தாங்கினார். பத்தொன்பது வயதில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். 1849-இல், பட்டம் ஏதுமின்றியே, அயர்லாந்தில் கார்க் நகரக் குயின்ஸ் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியரானார்.

1854-இல் அவர் வெளியிட்ட நூல் சிந்தனையின் விதிகளைப் பற்றியது. வெண்மையான பொருள்களை எல்லாம் பொறுக்கி எடுக்கிறோம் என்று வைத்துக் கொள்வோம். அவற்றிலிருந்து வெண்மையானவற்றை மறுபடியும் பொறுக்கினாலும் அதே பொருள்கள்தாம் கிடைக்கும். ஆகவே எக்ஸை எக்ஸால் பெருக்கினால் எக்ஸே வர வேண்டும் என்றார் பூல். இருபடிச் சமன்பாடு படிக்கும் நமக்கு இது கடினமில்லை. எண்களில் இதற்கு 0, 1 என்ற இரண்டே விடைகள். அவர் 0 என்றது ஒன்றுமில்லாமையை. 1 என்றது எல்லாவற்றையும்.

1937-இல் அமெரிக்க மாணவர் கிளாட் ஷானன் இக்கணிதத்தை மின்சுற்றுகளுக்குப் பொருத்திக் காட்டினார். இன்று கணிப்பொறிக்கு எழுதும் ஸ்கிரிப்ட் மொழிகளிலும் நிபந்தனை என்று வந்துவிட்டால், எந்த மதிப்பும் உண்மை, பொய் என்னும் இரண்டில் ஒன்றாகியே தீர வேண்டும். பைத்தான் மொழியில் 0, வெற்றுச் சொல், வெற்றுப் பட்டியல் யாவும் பொய். ஒன்றுமில்லாததே பொய் என்பதால், இது பூலின் கருத்துக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனால் ரூபி மொழியில் 0 உண்மை! ஜாவாஸ்கிரிப்டில் வெற்றுப் பட்டியலும் உண்மை.

இதை அறியாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மதிப்பெண் இருந்தால் அச்சிடு, இல்லையேல் தேர்வுக்கு வரவில்லை என்று எழுது எனப் பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினோம். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிச் சுழியம் வாங்கிய தோழியைக் கணிப்பொறி தேர்வுக்கே வராதவளாக்கி விட்டது. அவள் அழுதாள். சுழியம் வேறு, எழுதாமை வேறு என்பதை நாங்கள்தான் அதற்குச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு, மதிப்பெண் பதிவாகியிருக்கிறதா என்று தனியே கேட்கும்படி திருத்தினோம்.

பூல் 1855-இல் மேரி எவரெஸ்ட் அம்மையாரை மணந்தார். எவரெஸ்ட் சிகரத்திற்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்டின் அண்ணன் தம்பி வழி மகள் அவர். 1864 நவம்பரில் பூல் கொட்டும் மழையில் ஏறத்தாழ மூன்று மைல் நடந்து கல்லூரிக்குச் சென்றார். ஈர உடையுடனேயே பாடம் நடத்தினார். குளிர் நுரையீரலைத் தாக்கியது. டிசம்பர் 8-ஆம் நாள், 49-ஆம் வயதில், உயிர் நீத்தார்.

ஐந்து பெண் குழந்தைகள். கடைசிக் குழந்தைக்கு ஒரு வயதும் நிறையவில்லை. அந்தக் கைக்குழந்தை எத்தல் பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியையானார். லூசி வேதியியல் கற்பித்தார். அலீசியாவோ, தந்தையைப் போலவே கல்லூரி காணாமல், நான்கு பரிமாண உருவங்களின் வடிவியலைத் தாமாகவே ஆராய்ந்து, அவற்றின் வெட்டுமுகங்களை அட்டையில் செய்து வைத்தார்.