எலும்புக்கூடுகளை வரைந்தவர்



நவம்பர் 2-ந் தேதி, கல்லறைத் திருநாளன்று, நீர் என்ன செய்வீர்? பூசை கண்டு, கல்லறைத் தோட்டத்துக்குப் போய், உம் தாய் தகப்பன் கல்லறையைக் கூட்டி வெள்ளையடித்து, மாலை சாத்தி, மெழுகுதிரி கொளுத்தி, சாமியார் வந்து மந்திரிக்கும் வரை காத்திருப்பீர் அல்லவா? மெக்ஸிக்கோ தேசத்தாரும் ஏறக்குறைய இதையே செய்கிறார்கள். ஆனால் அவர்கள் அழுவதோடு நில்லாமல் சிரிக்கவும் செய்கிறார்கள்.

வீட்டில் ஒரு மேசையைச் சோடித்து, மரித்தவரின் படத்தை வைத்து, அதன்முன் தண்ணீர், உப்பு, மெழுகுதிரி, எலும்பு வடிவம் பதித்த இனிப்பு ரொட்டி, அவர் உயிரோடிருந்தபோது விரும்பித் தின்ற பதார்த்தம் எல்லாம் வைப்பார்கள். கோப்பால் என்னும் பிசினைத் தணலில் இட்டுத் தூபம் போடுவார்கள். சிறுபிள்ளைகளாய் மரித்தவர்களுக்கு நவம்பர் 1-ந் தேதி, பெரியவர்களுக்கு 2-ந் தேதி. மரித்தவர் வழி தவறாமல் வந்து சேரும்படி வாசல் வரை செண்டுப்பூ இதழ்களைத் தூவுகிற வழக்கமும் உண்டு. நம் ஊரில் மாலை கட்டும் அந்தச் செண்டுப்பூ மெக்ஸிக்கோவிலிருந்தே உலகெங்கும் பரவியது என்பது உமக்குத் தெரியுமோ? ஸ்பானியக் குருக்கள் கொண்டுவந்த ஆத்துமாக்கள் திருநாளும், அந்நாட்டுப் பூர்வ குடிகள் தங்கள் முன்னோருக்குச் செய்த படையலும் இதில் பின்னிக் கிடக்கின்றன. எந்த இழை எங்கிருந்து வந்தது என்று பண்டிதர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். அவர்கள் வழக்காடட்டும். நாம் இந்தத் திருநாளுக்கு ஒரு முகம் கொடுத்த மனிதரைப் பார்ப்போம்.

அவர் பெயர் ஹோசே குவாடலூப்பே பொசாடா. 1852-ம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி, மெழுகுதிரி மந்திரிக்கும் திருநாளன்று, அகுவாஸ்காலியெந்தஸ் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் ரொட்டி சுடுகிறவர். அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். தம்பிக்கு எழுத்து கற்பித்தவர் அவரே. பையன் படம் போடுவதில் கெட்டிக்காரனாயிருந்தபடியால் திரினிதாத் பெத்ரோசா என்பவரின் கல்லச்சுக்கூடத்தில் சேர்ந்தான். 1871-ல் அங்கிருந்து வெளிவந்த குளவி என்ற பெயருள்ள பத்திரிகைக்கு அவர் போட்ட கேலிச் சித்திரங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களைக் கொட்டின. மறு வருஷமே குருவும் சீஷனும் லெயோன் பட்டணத்துக்கு இடம் பெயர்ந்தார்கள். 1875-ல் மரியா தே ஹெசுஸ் வேலா என்பவரை விவாகம் செய்தார். 1888-ல் லெயோனில் பெருவெள்ளம் வந்து ஊரைச் சீரழித்தது. அந்த வருஷமே பிழைப்புத் தேடித் தலைநகருக்குப் போனார்.

அங்கே அந்தோனியோ வனேகாஸ் அரோயோ என்பவர் ஏழை ஜனங்களுக்கென்று சில்லறைக் காசுக்கு விற்கும் ஒற்றைத்தாள்களை அச்சிட்டுவந்தார். தீ விபத்து, கொலை, புதுமை, நாட்டுப்பாட்டு, ஜெபப் புஸ்தகம், அர்ச்சியசிஷ்டர்களின் படம் எல்லாவற்றுக்கும் பொசாடாவே படம் செதுக்கினார். எழுத்தறியாதவன் படத்தைப் பார்த்தே சேதியைத் தெரிந்துகொண்டான். அவர் வேலை செய்த இடம் தெருவைப் பார்த்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பையன்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களில் இருவர் பின்னாளில் பேர்பெற்ற சித்திரக்காரர்களான தியேகோ ரிவேராவும் ஒரோஸ்கோவும்.

கல்லறைத் திருநாள் நெருங்கும்போது அவருக்கு ஓயாத வேலை. உயிரோடிருக்கும் மந்திரியையும் வியாபாரியையும் செத்தவர்களாகப் பாவித்துக் கேலிப்பாட்டு கட்டி, எலும்புக்கூட்டுப் படத்தோடு விற்பது அங்கே வழக்கம். அதைத் தொடங்கியவர் பொசாடா அல்ல. அவருக்கு முன்பே மானுவேல் மனிய்யா அப்படிப் படங்கள் செதுக்கினார். ஆனால் பொசாடாவின் எலும்புகளுக்கு உயிர் இருந்தது! அவை சைக்கிள் ஓட்டும், நடனமாடும், குடிக்கும், சண்டையிடும். எனக்கு அவற்றைப் பார்த்துப் பயம் வந்ததில்லை. எங்கோ கண்ட முகங்கள் என்றுதான் தோன்றும்.

அவற்றில் ஒன்றை உலகமே அறியும். இறகு சொருகிய பெரிய தொப்பி அணிந்த ஒரு சீமாட்டியின் மண்டையோடு அது. தன் பூர்வ குடிப் பிறப்பை மறைத்து ஐரோப்பியச் சீமாட்டிபோல் வேஷம் போட்டவர்களைப் பரிகசித்து அதைச் செய்தார். தலையும் தோளும் மட்டுமே உண்டு. அந்தப் படம் 1913-ல் தாளில் வெளிவந்தபோது அதைச் செய்தவர் உயிரோடில்லை.

ஆம் வாசகரே, அந்த வருஷம் ஜனவரி 20-ந் தேதி, ஏழைகள் நெருங்கிக் குடியிருந்த ஒரு வளவில் பொசாடா மரித்தார். தொலோரெஸ் கல்லறைத் தோட்டத்தில், பணம் கொடுக்க வகையில்லாதவர்களுக்கான ஆறாம் வகுப்புக் குழியில் அடக்கம் செய்தார்கள். ஏழு வருஷத் தவணை முடிந்ததும், கேட்க யாரும் வராதபடியால், எலும்புகளைத் தோண்டியெடுத்துப் பொதுக்குழியில் போட்டுவிட்டார்கள். தேசம் முழுவதுக்கும் எலும்பு வரைந்தவரின் எலும்பு எது என்று பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று.

அதற்குச் சில வருஷங்களுக்குள்ளேயே ஜான் ஷர்லோ என்னும் பிரெஞ்சுச் சித்திரக்காரர் அந்தத் தாள்களைக் கண்டு வியந்து, அச்சுக்கூடத்தைத் தேடிப்போய், 1925-ல் அவரைப்பற்றி எழுதினார். 1947-ல் ரிவேரா, தலைநகரின் ஒரு ஹோட்டல் சுவரில் பெரிய சித்திரம் தீட்டினார். அதில் அந்தச் சீமாட்டிக்கு உடலும் உடையும் கொடுத்து, காத்ரீனா என்ற பெயரை நிலைக்கச் செய்தார். அவளுடைய ஒரு கை பொசாடாவின் கையோடு கோத்திருக்கிறது. மறு கையைப் பிடித்திருப்பது சிறு பையனாக ரிவேரா. 1985-ம் வருஷப் பூகம்பத்தில் ஹோட்டல் சிதைந்தபின் சித்திரத்தை வேறு மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இன்று கல்லறைத் திருநாள் சமயத்தில் மெக்ஸிக்கோப் பெண்கள் முகத்தில் மண்டையோடு தீட்டி, பூவும் தொப்பியும் சூடி வீதியில் போகிறார்கள். பொசாடாவின் சொந்த ஊரில், என்சீனோ ஆண்டவர் கோவிலை அடுத்து அவர் பெயரால் ஒரு காட்சிசாலை இருக்கிறது. அவர் நினைவாக ஒரு கைப்பிடி செண்டுப்பூ எடுத்துச் செல்ல விரும்புகிறவர்கள் அங்கே போகலாம்.