ஒரு லேப் அசிஸ்டெண்டின் பிரபஞ்சம்



போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா என்னைப் பார்த்து, வெறும் டிப்ளமோதானா என்று கேட்டுவிட்டார். சாப்பாடே இறங்கவில்லை. அந்த வாரம்தான் நூலகத்தில் யாகோவ் செல்டோவிச்சின் வாழ்க்கையைப் படித்தேன்.

1914-ல் மின்ஸ்க் நகரில் பிறந்தார். 17 வயதில், 1931-ல், லெனின்கிராடு வேதி இயற்பியல் நிறுவனத்தில் லேப் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தார். பழைய இடத்துக்கு ஒரு ஆயில் பம்பைக் கொடுத்துவிட்டு இவரை வாங்கி வந்ததாக ஒரு கதை உண்டு! கல்லூரிப் பட்டம் கடைசிவரை வாங்கவில்லை. தானே படித்தார். ஆனாலும் ஆராய்ச்சியைப் பார்த்து 1939-ல் டாக்டர் பட்டமே கொடுத்தார்கள். ஆட்டோமொபைல் நண்பர்கள் கவனிக்க: எரியும் சூட்டில் நைட்ரஜன் ஆக்சைடு எப்படி உண்டாகிறது என்று விளக்கியவர் இவர்தான்.

சோவியத் அணுகுண்டு, ஹைட்ரஜன் குண்டு வேலையிலும் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை, மறைக்கவும் விரும்பவில்லை.

ஐம்பது வயதை ஒட்டி வானத்தின் பக்கம் திரும்பினார். ஆதியில் பிரபஞ்சம் கிட்டத்தட்ட ஒரே சீர். அடர்த்தியில் லட்சத்தில் ஒரு பங்குதான் ஏற்றத்தாழ்வு. கொஞ்சம் கனத்த இடம் ஈர்ப்பால் பக்கத்துப் பொருளை இழுக்கும். இழுக்க இழுக்க இன்னும் கனக்கும். இப்படித் திரளும் மேகம் ஒரு பக்கம் முதலில் அமுங்கி, தோசை மாதிரி தட்டையாகும் என்று 1970-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்.

கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருள் நியூட்ரினோதான் என்று 1980 வாக்கில் அவர் குழு கருதியது. அங்கேதான் சறுக்கியது. வேகமாக ஓடும் நியூட்ரினோ சின்னத் திரள்களை அழித்துவிடும். அப்படியானால் காலக்ஸிகள் ரொம்பத் தாமதமாகத்தான் பிறந்திருக்க வேண்டும். வானம் அப்படி இல்லை.

1987-ல் செல்டோவிச் காலமானார். 1992-ல் கோபே செயற்கைக்கோள் அந்த ஆதி ஏற்றத்தாழ்வைக் கண்டது. மெதுவாக நகரும் குளிர்ப் பொருளோடு கால்பங்கு போல நியூட்ரினோவைக் கலந்து பார்த்தார்கள் விஞ்ஞானிகள். 1998-ல் பிரபஞ்ச விரிவு வேகமெடுப்பது தெரிந்ததும் அந்தக் கலவை பின்னுக்குப் போனது. அதே 1998-ல் நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்று ஜப்பானில் உறுதியானது! ஆக, கலவை உண்மைதான். நியூட்ரினோவின் பங்குதான் ரொம்பச் சிறிசு.

நண்பர்களே, கணக்குத் தப்பலாம், போட்டுப் பார்க்காமல் இருக்கக்கூடாது. அடுத்த கல்யாணத்தில் பெரியப்பாவுக்கு நான் பதில் சொல்வேன்!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்