இடிந்த மகாலைப் படம் பிடித்த கேப்டன்: யார் இந்த லின்னேயஸ் ட்ரைப்?

வேங்கிக்கால் ரோட்டுல நின்னு அண்ணாமலையை செல்போன்ல எடுக்க ஒரு நொடி போதும். 1858-ல் மதுரையில் கேமராவோடு நின்ற ட்ரைப் பட்ட பாடே வேற.

1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் அதிகாரி. லீவில் ஊருக்குப் போனப்போ கத்துக்கிட்ட போட்டோகிராபிதான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. 1855-ல் பர்மா தூதுக்குழுவோடு போனார். 1856-ல் மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார்.

அப்போ பிலிம் ஏது? மெழுகேற்றிய காகிதம்தான் நெகட்டிவ். வானம் வெறும் வெள்ளையாக விழும் என்பதால் நெகட்டிவிலேயே மேகம் வரைந்துவிடுவார் (அந்தக் காலத்து எடிட்டிங்!).

திருமலை நாயக்கர் மகால் அப்போது சிதைந்து கிடந்தது. நேப்பியர் பிரபு கவர்னராக வந்து பழுதுபார்த்தது பிறகுதான். அதற்கு முந்தைய கோலத்தை இன்று நாம் பார்ப்பது ட்ரைப் எடுத்த படங்களில். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளைச் சுற்றிச் சுற்றி எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். அந்தக் கல்வெட்டுகள் படிக்கப்பட்டு அச்சேற முப்பது வருஷத்துக்கும் மேல் ஆனது.

ஆனால் 1859-ல் புதிதாக வந்த கவர்னர் ட்ரெவல்யன், இதெல்லாம் வீண் ஆடம்பரம்னு வேலையையே நிறுத்திட்டார். ட்ரைப் பட்டாளத்துக்கே திரும்பினார். கேமராவை அநேகமாகத் தொடவில்லை. 1902-ல், பிறந்த ஊரிலேயே இறந்தார்.