துல்லியம் தேடிய ஜூல்

மடிக்கணினியை நீண்ட நேரம் பயன்படுத்தினால் அதன் அடிப்பகுதி சூடாகிவிடும். அது பெறும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாக மாறுவதே அதற்குக் காரணம். மின்சாரம் எவ்வளவு வெப்பத்தைத் தருகிறது என்பதை அளந்து, அதற்கு ஒரு விதியையும் கண்டவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்.

ஜூல் 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் இங்கிலாந்தின் சால்ஃபோர்ட் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை பீர் தயாரிக்கும் ஆலை ஒன்றின் உரிமையாளர். இளமையில் உடல்நலம் குன்றியிருந்த ஜூல் வீட்டிலேயே கல்வி கற்றார். அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டன் அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் ஆசிரியராக இருந்தார். பின்னர், ஜூல் ஆலைப் பணிகளைக் கவனித்துக்கொண்டே ஆய்விலும் ஈடுபட்டார். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராகப் பணியாற்றியதில்லை.

1840ஆம் ஆண்டில் அவர் கம்பிச்சுருளை நீரில் வைத்து மின்னோட்டத்தைச் செலுத்தினார்; நீரின் வெப்பநிலை உயர்வை அளந்தார். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காவதைக் கண்டறிந்தார். இதுவே ஜூல் விதியின் அடிப்படை.

அக்காலத்து அறிஞர் பலர், வெப்பம் என்பது ஆக்கவோ அழிக்கவோ முடியாத ஒரு பொருள் என்று நம்பினர். வேலையே வெப்பமாக மாறுகிறது என்று ஜூல் கருதினார். 1843இல் அவர் இக்கருத்தை அறிஞர் கூட்டத்தில் வெளியிட்டபோது அதைப் பொருட்படுத்தியோர் சிலரே. ஆயினும், அவர் மனம் தளரவில்லை. மேலும் துல்லியமான சான்றைத் தேடினார்.

நீர் நிறைந்த செம்புப் பாத்திரத்தில் துடுப்புச் சக்கரம் ஒன்றை அமைத்தார். கயிற்றில் தொங்கிய ஈயக் குண்டுகள் கீழே இறங்க, சக்கரம் மத்தைப்போல் நீரைக் கடைந்தது. குண்டுகளை 20 முறை இறக்கிய பிறகும் வெப்பநிலை ஃபாரன்ஹீட் அளவில் அரை டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகவே உயர்ந்தது. அதனால், ஒரு டிகிரியில் 200இல் ஒரு பங்கையும் காட்டும் வெப்பமானியை அவர் பயன்படுத்தினார். வெப்பநிலை அதிகம் மாறாத நிலவறையில் சோதனை செய்தார். தம் உடல்வெப்பமும் பாத்திரத்தைத் தாக்காதவாறு மரத்தடுப்பு வைத்தார். சக்கரம் சுழலாதபோது நீரின் வெப்பநிலை எவ்வளவு மாறுகிறது என்பதையும் தனியே அளந்து கணக்கில் சேர்த்தார்.

1847இல் ஆக்ஸ்ஃபர்டில் நடந்த கூட்டத்தில் ஜூலின் ஆய்வு வில்லியம் தாம்சன் என்ற இளம் பேராசிரியரின் கவனத்தை ஈர்த்தது. அதன்பின் மற்றவர்களும் அதைக் கவனிக்கத் தொடங்கினர். 1850இல் வெளியான கட்டுரையில் ஜூல் 772 என்ற எண்ணைக் குறிப்பிட்டார். ஒரு பவுண்டு எடை 772 அடி இறங்கும்போது செய்யும் வேலை, ஒரு பவுண்டு நீரை ஃபாரன்ஹீட் அளவில் ஒரு டிகிரி சூடாக்கும் என்பது அதன் பொருள். இன்றைய அளவிலிருந்து அது 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே வேறுபடுகிறது. எனினும், ஜூல் அதனுடன் நிறைவடையவில்லை. 1878இல் மீண்டும் அளந்து 772.55 என்று திருத்தினார். 1889ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் அவர் காலமானார். அவருடைய கல்லறையில் அந்த எண்ணே பொறிக்கப்பட்டுள்ளது.

இன்று ஆற்றலின் அலகு ஜூல் எனப்படுகிறது. ஒரு வினாடிக்கு ஒரு ஜூல் ஆற்றல் செலவானால் அது ஒரு வாட். மடிக்கணினியின் மின்னேற்றியில் 65 வாட் என்று அச்சிட்டிருந்தால், அது மின்னேற்றி வழங்கக்கூடிய உச்ச அளவேயாகும். கணினி எப்போதும் அவ்வளவு பயன்படுத்துவதில்லை. உண்மையான பயன்பாட்டை அறிய, முதலில் மின்கலத்தை முழுமையாக மின்னேற்ற வேண்டும். இல்லையெனில், மின்கலத்திற்குச் செல்லும் ஆற்றலும் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு, மின்செருகியில் அளவியைப் பொருத்தி ஒரு மணி நேரமாவது அளக்க வேண்டும். அளக்க வேண்டியதுடன் வேறெதுவும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே ஜூல் தம் நிலவறையில் கடைப்பிடித்த முறை.