குடிகாரர் கண்ட கூட்டம்

ஓட்டலின் முன்கூடம். ஒரு கோடியிலே மதுக்கூடம். சிரிப்பொலி, கோப்பைகள் மோதும் ஓசை, வா வா என்று அழைக்கும் வாடை! மறு கோடியிலே ஒரு தொலைபேசி. இரண்டுக்கும் நடுவிலே, வந்த காரியம் தோற்று, கைப்பணம் கரைந்து, மனம் குமுறி, மேலும் கீழும் நடக்கிறார் ஒரு மனிதர். எந்தக் கோடிக்குப் போவது?

1935 மே மாதம். அமெரிக்காவில், ஒகையோ மாநிலத்தில், டயர் ஆலைகள் நிறைந்த ஆக்ரன் நகரம். அந்த மனிதர் பில் வில்சன். ஐந்து மாதமாக ஒரு சொட்டும் தொடாதவர். அதற்கு முன்போ, சொட்டு மிச்சம் வைக்காதவர்!

வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூரில், 1895இல் பிறந்தார் வில்சன். பெற்றோர் பிரிந்தனர், பாட்டனார் வீட்டில் வளர்ந்தார். 1917இல் இளம் படை அதிகாரியாக இருந்தபோது, விருந்தொன்றிலே முதல் கோப்பை. கூச்சம் போயிற்று என்று மகிழ்ந்தார். பிறகு வேலை போயிற்று, வீட்டு நிம்மதி போயிற்று, விவேகம் போயிற்று!

பங்குச் சந்தையிலே பணம் பார்த்தவர்தான். 1929இல் சந்தை சரிந்தது. அவரோ அதற்கு முன்பே சரியத் தொடங்கிவிட்டார். மனைவி லோயிஸ் கடையிலே வேலை பார்த்துக் குடும்பம் காத்தார். இனிக் குடியேன் என்று வேதப் புத்தகத்திலே எழுதிக் கையொப்பமிட்டார் வில்சன். ஒரு முறையல்ல, பல முறை. மை காய்ந்தது, நா காயவில்லை!

நியூயார்க்கிலே, குடியை நிறுத்த வைக்கும் மருத்துவமனைக்கு நான்கு முறை சென்றார். அங்கே மருத்துவர் சில்க்வொர்த் சொன்னது புதுமையானது: இது ஒழுக்கக் கேடல்ல, நோய், முதல் கோப்பை உள்ளே போனால் அடுத்ததை உடல் கேட்கும், நிறுத்தும் வலிமை அவனிடம் இராது. 1934 நவம்பரில், குடித்தோழனாக இருந்த எபி தாட்சர் வந்தார், குடியை விட்டவராக! அவனால் முடிந்ததா என்ற வியப்பு வில்சனைக் குடைந்தது. டிசம்பரில், அதே மருத்துவமனையில், குடியை நிறுத்தினார்.

நிறுத்தியவர் சும்மா இருந்தாரா? குடிகாரர்களைத் தேடித் தேடி உபதேசம் செய்தார். ஒருவரும் திருந்தவில்லை. உபதேசத்தை விடு, நோயைச் சொல் என்றார் மருத்துவர். ஒருவரும் திருந்தாவிட்டாலும், அத்தனை நாளும் தாம் குடிக்காமல் இருந்ததைக் கண்டார் வில்சன். அதுதான் ஆக்ரன் ஓட்டலிலே நினைவுக்கு வந்தது. கோப்பை வேண்டாம், இன்னொரு குடிகாரன் வேண்டும்!

தொலைபேசிப் பக்கம் நடந்தார். பாதிரிமார் பட்டியலைப் பார்த்து அழைத்தார். ஒருவர் சிலரைச் சுட்ட, அவர்கள் வழியே ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற மாதரசி கிடைத்தார். அவருக்குத் தெரிந்த ஒரு குடிகாரர் இருந்தார்: அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். மறுநாள், மே 12, மாலையிலே சந்திப்பு. பதினைந்தே நிமிடம் என்று வேண்டாவெறுப்பாக வந்தார் பாப். இரவு வெகுநேரம் வரை எழவில்லை! ஏன்? எதிரே இருந்தவர் புத்தி சொல்லவில்லை. தாம் பட்டதைச் சொன்னார். கரையிலே நின்று கத்தியவர் பலர். அதே சேற்றிலிருந்து எழுந்து வந்து கை நீட்டியவர் இவர்.

பாப் ஒரு முறை சறுக்கினார். 1935 ஜூன் 10இல் கடைசிக் கோப்பை. 1950இல் மறையும் வரை தொடவில்லை. இருவரும் மருத்துவமனை சென்று மூன்றாமவரைக் கண்டனர். மூவர் நூறாயினர். 1939இல் நூல் வந்தது. அதன் பெயரே அமைப்பின் பெயராயிற்று: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். பெயர் வெளியிடாத குடிநோயாளர் கூட்டம்!

அங்கே சந்தா இல்லை; உண்டியலிலே இயன்றதைப் போடலாம். வெளியார் நன்கொடை வாங்குவதில்லை. சேரத் தகுதி ஒன்றே: குடியை விடும் விருப்பம். கடவுள் பேச்சு உண்டே என்று பகுத்தறிவாளர் கேட்பர். அன்றே உள்ளிருந்த நம்பாதோர் வாதாடி, அவரவர் புரிந்துகொண்டபடி என்று வாசகத்தைத் தளர்த்தினர். நம்பாதவனுக்கும் நாற்காலி உண்டு.

வில்சன் குறையற்றவரல்லர். குடியை விட்ட பின்னும் பல ஆண்டுகள் மனச்சோர்வு வாட்டியது. புகையை விட முடியாமல், நுரையீரல் நோயால், 1971இல் மறைந்தார். ஆனால், யேல் பல்கலைக் கழகம் தர முன்வந்த பட்டத்தை, பெயர் வெளியிடாத கொள்கைக்காக மறுத்தவர் அவர். லோயிஸோ, குடிப்பவர் குடும்பத்தாருக்கென 1951இல் ‘அல்-அனான்’ அமைப்பு காணத் துணை நின்றார்.

தோழர்களே! ஆலை வாயிலிலே, அச்சகத்திலே, நம் படிப்பகத்திலேயே, சம்பள நாளன்று தள்ளாடும் தோழன் இருக்கிறான். அவனை ஏசினோம், பயன் கண்டோமா? இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் அந்தக் கூட்டங்கள் உண்டு. தமிழகத்திலும், மாதா கோயில் கூடத்திலோ பள்ளி அறையிலோ, மாலை வேளையில் கூடுகிறார்கள். நெடுநாள் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆகவே முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிறகு, கூட்டம் நடக்கும் இடத்தை விசாரித்து, அந்த வாசல் வரை கூடவே நடந்து போங்கள். உள்ளே அவன் பெயரைக் கூட வற்புறுத்திக் கேட்க மாட்டார்கள். பேச விருப்பமில்லையேல் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

முதல் நாளே மாறிவிடுவான் என்று எண்ண வேண்டாம். பாப் கூடச் சறுக்கினார். மறுபடி அழைத்துப் போங்கள். அன்று ஆக்ரனில் ஒருவர் தொலைபேசியை எடுத்தார். மறுமுனையிலே ஒருவர் மறுக்காமல் பேசினார். அந்த மறுமுனையாக நாம் இருப்போம்!